நாலு பேர் இருக்கோம்

இன்று காலையில் பள்ளிகொண்டா பக்கம் ஒரு புது வீட்டு வாசலில், கட்டப்போகிற படிக்கு மட்டம் பார்க்க நூல் கட்டிக்கொண்டிருந்தேன். உன்னுடைய நூல்கண்டுதான். நீ நூல் சுற்றிவைத்த கட்டையில் பழைய சிமெண்ட் இன்னும் ஒட்டியிருக்கிறது. நான் சுரண்டவில்லை. வீட்டில் வயசானவங்க இருக்காங்களா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "எங்கம்மா இருக்காங்க. முட்டி வலி, படி ஏற முடியாது" என்றார். அப்படியென்றால் ஒரு பக்கம் சரிவாகப் போட்டுவிடலாமே என்றேன். "வாசலுக்கு லட்சணமா இருக்காது மேஸ்திரி. தேவைன்னா தூக்கிட்டுப் போறோம். அண்ணன் தம்பி நாலு பேர் இருக்கோம்ல?" என்று சிரித்தார். நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நூலைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. இதே வார்த்தையைத்தானே உனக்கும் சொன்னார்கள்.

நீயும் நானும் ஒன்றாகக் கலவை சுமந்து, ஒன்றாகக் கரணை பிடித்தவர்கள். நம் தெருக்கோடியில் அரசு ஆஸ்பத்திரி கட்டினபோது வாசல்படி மூன்றும் நாம் கட்டியதுதான். "படி ஒத்தப்படையா இருக்கணும்டா. அப்பதான் உள்ள போறவன் பொழச்சு வருவான்" என்றாய். நான் கிண்டல் பண்ணினேன். அதற்கப்புறம் ஆம்பூரில் ஒரு தோல் டேனரி சுவருக்குப் பூச்சு வேலை செய்யும்போது சாரம் சரிந்து நீ விழுந்தாய். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தாய். உட்கார்ந்தே இருந்ததில் புண் வந்தது. கட்டு மாற்ற உன்னை ஆஸ்பத்திரிக்கு முதல்முறை தள்ளிக்கொண்டு போனேன். நாற்காலி முதல் படியில் முட்டி நின்றது. நாம் கட்டின அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "உசரம் ஜாஸ்தி வெச்சுட்டோம்டா" என்றாய்.

பிறகு ஆஸ்பத்திரியைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று இன்ஜினியர் வந்தார். உங்களுக்கு என்ன வேண்டுமென்று நீங்களே பேசிச் சொல்லுங்கள் என்று தெருவையே கூப்பிட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாய். சரிவுப்பாதை வேண்டும் என்று நீதான் முதலில் வாய் திறந்தாய். அவர் டேப்பை எடுத்து அளந்தார். ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டு அடி சரிவு வேண்டும், காம்பவுண்டு ஓரமாகக் கொண்டுபோனால் இடம் சரியாக இருக்கும், தெரு ஒத்துக்கொண்டால் போட்டுத் தருகிறேன் என்றார். அந்த ஓரத்தில்தான் கொடிக்கம்ப மேடை இருக்கிறது. ஷூ கம்பெனிக்குப் போகிற பசங்கள் வண்டி நிறுத்துவதும் அங்கேதான். நீ ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாய்.

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கொடிக்கம்பத்தை நகர்த்தினால் பேஜார் ஆகிவிடும் என்றார் ஒருத்தர். வண்டியையெல்லாம் எங்கே விடுவது என்றார் இன்னொருத்தர். அப்போதுதான் உன் பக்கத்து வீட்டுப் பையன் வந்து உன் தோளில் கை போட்டான். "அண்ணா, உங்கள ஏத்தி எறக்க நாங்க நாலு பேர் இருக்கோம். சரிவு இன்னாத்துக்கு?" கண் கலங்கித்தான் சொன்னான். கூட்டம் கை தட்டியது. அத்தனை பிரியத்துக்கு முன்னால் நீ என்ன சொல்லிவிட முடியும்? சிரித்தாய். தெரு ஒருமனதாகக் கேட்டது, அந்தப் படிகளுக்கு டைல்ஸ்.

திரும்பி வரும்போது, முன்னால் பார்த்தபடியே சொன்னாய்: "நாலு பேர் தூக்குறதுக்குன்னு ஒரு நாள் இருக்குதுடா. வாரத்துக்கு மூணு தபா அந்த நாள் வரணுமா?"

பசங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வந்து பிடித்தார்கள். அவர்கள் மூன்று பேர், நாலாவது ஆளாக முன்பக்கம் வலதில் நான். நீ கண்ணை இறுக்க மூடிக்கொள்வாய். ஒருநாள் ஏற்றும்போது லுங்கி விலகிவிட்டது. வரிசையில் நின்ற பொம்பளைங்க எல்லாரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த வரிசையில் உன் மகளும் நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு நீ போகவில்லை. புண் ஆறிடுச்சு என்றாய், நாளைக்குப் போலாம் என்றாய். நானும் தினம் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனேன். நம் தெருவில் தோல் வாடை எந்நேரமும் இருக்கும். அதில் உன் புண்ணின் வாடை எனக்குத் தனியாகத் தெரியவில்லை. தங்கச்சி, உன் சம்சாரம்தான், ஒருநாள் போர்வையை விலக்கிக் காட்டி அழுதபோது எலும்பு தெரிந்தது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. ஆம்புலன்சிலிருந்து வார்டு வரைக்கும் தரை ஒரே சீராக ஏறிப் போனது. ஜுரத்திலும் நீ அதைக் கவனித்தாய். "பாத்தியாடா, யாரும் தூக்கல" என்றாய். அவ்வளவு சந்தோஷமாக உன் குரலை நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நாலாம் நாள் போய்விட்டாய். நீ சொன்ன அந்த ஒரு நாளும் வந்தது. அதே நாலு பேர்தான் தூக்கினோம். நான் முன்பக்கம் வலதில். இன்றைக்கும் அந்தத் தோள் எனக்குக் கனக்கிறது.

இன்று அந்த வீட்டுக்காரரிடம், அம்மாவைக் கூப்பிடுங்கள், அவரையே கேட்டுவிடலாம் என்றேன். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மகன் முகத்தைப் பார்த்தார். "எனக்கு எதுக்குப்பா? புள்ளைங்க இருக்காங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். படிக்குக் கட்டின நூலை அவிழ்த்துச் சுற்ற ஆரம்பித்தேன். "இன்னா மேஸ்திரி, கோவமா? நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனைக் காதில் வைத்தபடி தெருப்பக்கம் போனார்.

அவர் தலை மறைந்ததும் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து, "அந்தச் சரிவு எம்மாம் நீளம் வரும்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நாளைக்கு வேறு ஆள் வந்து மூன்று படி கட்டிவிடுவார். அது எனக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் உன் நூலை மறுபடி பிரித்து, வாசலிலிருந்து மண்ணில் சரிவு வரும் நீளத்துக்கு நீட்டிப் போட்டேன். மகன் திரும்பி வருவதற்குள் அந்த அம்மா அதன் ஓரமாகவே நடந்து, கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.