பெரிய வண்டி வேண்டாமுங்க

ஆனைமலை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

பொற்கொடி எழுதுகிறேன். அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேலை செய்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டு நாலைந்து நாளாகிறது. பிரவீனா கோவை விடுதியிலிருந்து சனி, ஞாயிறு வந்து போகிறாள். அவள் படிப்பில் ஒரு குறையும் இல்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். என் குரல் இன்னும் திரும்பவில்லை. ஃபோனில் நீங்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறீர்கள். என் பக்கமிருந்து காற்றுதான் வருகிறது. மருந்து ஏற ஏற விரல் நுனியெல்லாம் மரத்துப் போய்விட்டது. ஃபோனில் ஓர் எழுத்தைத் தொட்டால் வேறொன்று விழுகிறது. பேனா மட்டும் பிடிக்க முடிகிறது. பிரவீனாவிடம் சொல்லி எழுதலாம்தான். இதை அவள் கையால் எழுத வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கம்பெனி ரசாக் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாராம். கோவை கோட்டைமேட்டில் அவர் மனைவி ஆஃப்ரினிடம் கொடுத்துவிட்டால் உங்கள் கைக்கு வந்துவிடும்.

காரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நீங்கள் சொன்னபடி, போன வாரம் ஆஸ்பத்திரி முடிந்ததும் என் அண்ணன் சென்னியப்பன் என்னை அந்த ஷோரூமுக்கு அழைத்துப் போனார். பிரத்யுஷா என்று ஒரு பெண், பிரவீனாவைவிடக் கொஞ்சம் மூத்தவள், என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஹைப்ரிட் வண்டியில் உட்கார வைத்தாள். பொய் சொல்ல மாட்டேன். அந்த சீட்டில் சாய்ந்ததும் முதுகு வலி கொஞ்சம் விட்டுக் கொடுத்தது. அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று அழைத்துப் போனாள். வண்டி கிளம்பியதே தெரியவில்லை. சிக்னலில் இன்ஜின் தானாக நின்றுவிட்டது, ஏசி மட்டும் குளுகுளுவென்று ஓடியது. "மெதுவாப் போறப்ப பேட்டரியிலயே ஓடுமுங்கம்மா. பிரேக் போட்டா அதுவே சார்ஜ் ஏத்திக்கும். வீட்டுல ஒயர் மாட்ட வேண்டியதே இல்லீங்க" என்றாள். பெட்ரோலும் சின்ன வண்டிகளைவிடக் குறைவாகத்தான் குடிக்குமாம்.

அண்ணன் விடவில்லை. "ஏனுங் கண்ணு, சின்ன வண்டிய விட ரெண்டு பங்குக்கு மேல வெல சொல்றீங்க. அந்தக் காசு பெட்ரோல்ல எப்பத் திரும்பும்?" என்று கேட்டார். அவள் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து, "நல்லா ஓட்டுனீங்கன்னா ஏழெட்டு வருசத்துல திரும்பீருமுங்க. அதுக்கப்புறம் எல்லாமே லாபந்தான்" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். உடனே சுவரில் இருந்த விளம்பரத்தைப் படிக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் மேல் தப்பில்லை. என் கோலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டும் ஏழெட்டு வருஷம் என்று சொன்னாளே, எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பணம் கட்டினால் வண்டி கைக்கு வருவது பொங்கல் கழித்துத்தானாம். அத்தனை பேர் வரிசையில் இருக்கிறார்கள். இப்போது ஆவணிதான் நடக்கிறது.

அடுத்த நாள் அண்ணன் இன்னொரு வண்டியைப் பற்றிச் சொன்னார். உடுமலைப்பேட்டையில் ஒரு டீச்சர் பள்ளிக்கூடம் போய்வர வைத்திருந்த சின்ன வெள்ளைக் கார். அந்த அம்மா ரிட்டயர்டு ஆகி மகன் வீட்டுக்குப் பெங்களூர் போகிறார்கள். அதனால் விற்கிறார்கள். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். வேகத்தடையில் ஏறினால் தூக்கிப் போடும். ஆனால் ஏசி ஓடுகிறது, முன் சீட்டை மல்லாத்திப் படுக்கலாம், நாளைக்கே கொண்டு வரலாம். நம் சந்தில் திருப்பலாம். பிரவீனா இப்போதுதான் ஓட்டப் பழகுகிறாள். அவளுக்கும் அடங்குகிற வண்டி. பிற்பாடு நீங்களும் அவளும் மட்டும் இருந்தாலும் சுலபமாகச் சமாளிக்கலாம்.

உங்களுக்குக் கோபம் வரும். எதற்கு வரும் என்றும் எனக்குத் தெரியும். முதல் முதலில் நான் ரத்தமாகக் கக்கிய அன்று, தோட்டத்துக்காரர் தன் காரில் நம்மை ஏற்றிக்கொண்டார். ஏற்றும் முன் அவர் வீட்டம்மா உரச்சாக்கை எடுத்து வந்து சீட்டின் மேல் விரித்தார்கள். ரத்தத்துக்காக விரித்தார்களா, நமக்காக விரித்தார்களா என்று நான் யோசிக்கவில்லை. நீங்கள் யோசித்தீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு என் தலையை மடியில் தாங்கினீர்கள். "இவங்க வண்டிய விடப் பெருசா வாங்கி அதுல உன்னைய உக்கார வெப்பேன்" என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெரிய வண்டிக்கு லோன் வேண்டும். லோனுக்கு நீங்கள் அங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் போடாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னீர்கள். நான் கேட்பது அதைத்தான். அனுப்பட்டுமே. சின்ன வண்டி என்றால் கையில் இருப்பதே போதும்.

பஸ்ஸில் இனி என்னால் முடியாது. போன முறை பொள்ளாச்சி தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். அதனால்தான் ஏதோ ஒரு வண்டி சீக்கிரம் வேண்டும் என்கிறேன்.

டாக்டரம்மா இந்தத் தடவை ஊசிக்கு அடுத்த தேதி எழுதித் தரவில்லை. வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார்கள். பத்தியம் எதுவும் வேண்டாம், பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்றார்கள்.

யோசித்துச் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

உங்கள்
கொடி


சோஹார், ஓமன்.
புதன்கிழமை.

என் கொடிக்கு,

ரசாக் கடிதத்தைக் கொடுத்தான். உன் எழுத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. நீ எழுதியதால் நானும் பேப்பரில் எழுதி, படம் எடுத்து பிரவீனா ஃபோனுக்கு அனுப்புகிறேன்.

ஊசி வேண்டாம், பத்தியம் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றால் உடம்பு தேறி வருகிறது என்றுதானே அர்த்தம்? இதற்கு ஏன் நீ மனசை விட்டுவிட்ட மாதிரி எழுதுகிறாய்? சத்தாகச் சாப்பிடு. அண்ணனிடம் சொல்லி நாட்டுக்கோழி வாங்கச் சொல்.

ஹைப்ரிட் வண்டிக்கு நேற்றே முன்பணம் கட்டிவிட்டேன். உனக்குப் பிடித்த நீலக் கலர்தான். அந்த வண்டி கிளம்பியதே தெரியவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். முதுகு வலி விட்டது என்றும் எழுதியிருக்கிறாய். பிறகு எதற்கு அந்த டப்பா வண்டி? பொங்கல் வரைக்கும் டாக்ஸி வைத்துக்கொள். அதற்கும் நான் அனுப்புகிறேன். வரும் திங்கட்கிழமை ஆபீசில் கையெழுத்துப் போடப் போகிறேன். ஏழெட்டு வருஷமானால் ஆகட்டும், நம்மைவிட யார் அதிகமாக ஓட்டப் போகிறார்கள்? பிரவீனா கல்யாணத்துக்கு அந்த வண்டியில்தான் போவோம். வால்பாறை போக வேண்டும் என்று எவ்வளவு நாளாகக் கேட்டாய்.

சாக்கு விரித்ததை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். எங்கப்பன் அந்தத் தோட்டத்தில் உழைத்தே செத்தார். அவர்கள் வாசலில் நம் வண்டி நிற்க வேண்டும்.

நான் வந்து என்ன செய்வேன், சொல். உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். இங்கே இருந்தாலாவது பணம் அனுப்பலாம். உண்மையைச் சொல்கிறேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது நினைவு வந்தாலே நான் வேலைக்கு ஓடிவிடுகிறேன். இங்கே வெல்டிங் கவசத்தை மாட்டிக்கொண்டால் என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. அதற்காகவே கூடுதல் நேரம் கேட்டு வாங்கிச் செய்கிறேன். என்னைக் கூப்பிடாதே அம்மணி. நீ கூப்பிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பொங்கலுக்கு வண்டி வந்துவிடும், நானும் லீவில் வருகிறேன். அதுவரைக்கும் தைரியமாக இரு.

உன்
ரூபன்


ஆனைமலை,
சனிக்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரியே பிரவீனா காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. ஃபோனை என் கையில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள். முன்பே அவள் படித்துவிட்டாள் என்று கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. இனி அவளிடம் மறைக்க ஒன்றும் இல்லை. இதையும் அவள்தான் படம் எடுத்து அனுப்புவாள். திங்கட்கிழமைக்கு முன் நீங்கள் படித்துவிட வேண்டும்.

சின்ன வண்டியை எடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இது. வியாழக்கிழமை அண்ணனோடு டாக்ஸியில் உடுமலைக்கு நானே போனேன். அந்த டீச்சரம்மா சாவியைக் கொடுக்கும்போது ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார்கள். "என்னைய நடுவழியில விட்டதே இல்லீங்க" என்றார்கள்.

திரும்பும்போது அண்ணனிடம் தோட்டத்து வழியாக விடச் சொல்லிச் சைகை காட்டினேன். உங்களுக்காகத்தான். வாசலில் அந்த வீட்டம்மா நின்றிருந்தார்கள். அண்ணன் வண்டியை நிறுத்தினார். அந்த அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். என்னை அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "கொடியா? ஏஞ்சாமி இப்புடி ஆயிப்போட்ட? சொந்த வண்டியா? உள்ள வா, ஒரு வாய் காப்பி குடிச்சுபோட்டுப் போலாம்" என்றார்கள். கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பென்று தோன்றவில்லை.

நீங்கள் இத்தனை நாளாக அங்கே வேகிறீர்களே, அது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே? அந்த நிமிஷம் வந்தது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஜெயித்த மாதிரியும் இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றுதான் இருந்தது. பக்கத்து சீட்டில் நீங்கள் இல்லையே என்று மட்டும் இருந்தது. பெரிய வண்டியில் போயிருந்தாலும் எனக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

நேற்று அந்தக் காரில்தான் டாக்டரம்மாவைப் பார்க்கக் கோவை போனோம். பாதி தூரம் பிரவீனா ஓட்டினாள், கிணத்துக்கடவு வரைக்கும். வேகத்தடை வரும்போதெல்லாம் "அம்மா, வருது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஏற்றினாள். தூக்கிப் போட்டது. வலித்தது. தாங்கிக்கொண்டேன். வாந்தி வந்தபோது ஓரமாக நிறுத்தினார்கள். யாரும் எழுந்து பின்னால் போகவில்லை.

டாக்டரம்மாவிடம் நீங்கள் கேட்டதையே பிரவீனா கேட்டாள். ஊசியை நிறுத்தினால் தேறிவிட்டது என்று அர்த்தமா என்று. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எங்க இருக்காரு?" என்றார்கள். ஓமனில் என்றாள். "வரச் சொல்லும்மா" என்றார்கள். பொங்கலுக்கு வருவார் என்றாள் நம் பிள்ளை. டாக்டரம்மா என்னை ஒரு தடவை பார்த்தார்கள். "இப்பவே வரட்டும்" என்றார்கள்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும்தான். ராப்பகலாகப் பயம்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும் என்றீர்களே, எனக்கு வேண்டியது அதுதான். மருந்து வாங்க, டாக்டரைப் பார்க்க, வண்டி ஓட்ட ஆள் இருக்கிறது. உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லை. பிரவீனா பார்க்கிறாள், ஆனால் இதையெல்லாம் பார்க்கிற வயதில்லை அவளுக்கு.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போங்கள். போய், ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நீல வண்டியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். அதில் போகிறவர்கள் நன்றாக இருக்கட்டும். ஏழெட்டு வருஷமும் ஓட்டட்டும்.

இத்தனை மாதமாக வீடியோவில் முகம் காட்டச் சொன்னீர்கள், நான் ஏதேதோ சாக்குச் சொன்னேன். அதற்குக் காரணம் இருக்கிறது. பிளேன் கோவையில் இறங்குகிற நாளைச் சொல்லுங்கள், நானும் வருவேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வெளியே வந்ததும் கூட்டத்தில் என்னைத் தேடுவீர்கள். பழைய முகத்தைத் தேடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பிரவீனா பிறந்தபோது நீங்கள் எடுத்துக் கொடுத்த மயில் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, தூணைப் பிடித்தபடி நிற்பேன். அந்தச் சேலையைப் பார்த்து வாருங்கள்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள்
கொடி