நான்கு போல்ட்

5 ஜூலை, சனி
புகைமூட்டம். எதிரே இருக்கும் கொண்டோ அடுக்குமாடி பாதிதான் தெரிகிறது. தொண்டை அரிப்பு.

நாளைக் காலை கிள்ளான் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் சைக்கிள். அண்ணனும் நானும் வழக்கமாகப் போவதுதான். இந்த முறை அண்ணியும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவராக எங்களோடு வருகிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. என் பழைய சைக்கிள் அவருக்கு.

செய்தது: டயருக்குக் காற்று. செயினுக்கு எண்ணெய். அண்ணி என்னைவிடக் குள்ளம், அதனால் சீட்டை இறக்கியாயிற்று, போல்ட்டைத் தளர்த்தி ஹேண்டிலையும் சற்றுத் திருப்பியாயிற்று. நடுவில் அலுவலகத்திலிருந்து போன், அரை மணி நேரம். சனிக்கிழமையும் விடமாட்டார்கள்.

6 ஜூலை, ஞாயிறு
அண்ணி விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

நாங்கள் இரண்டு பேரும் முன்னால். குண்டும் குழியுமான இறக்கம். பின்னால் சத்தம். திரும்பிப் பார்த்தால் அவர் தரையில், சைக்கிள் அவர் மேல்.

டாக்டரிடம், அண்ணனிடம், என்னிடம், எல்லாரிடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: பள்ளத்தைப் பார்க்காமல் போனது தன் தப்பு.

வீட்டுக்கு வந்து சைக்கிளைக் காரிலிருந்து இறக்கினேன். ஹேண்டில் என் கையோடு சுழன்றது. அதைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டும் விரலால் தொட்டாலே திரும்பின. நேற்று கையால் மட்டும் முடுக்கி வைத்தேன். அப்புறம் போன். அப்புறம் மறந்தேபோனது.

அண்ணனிடம் சொல்லவில்லை.

8 ஜூலை, செவ்வாய்
வேலை முடிந்து சைக்கிள் கடை. யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். கடைக்காரச் சீன அங்கிள் மலாயில் பொறுமையாகச் சொன்னது:
– நான்கையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.
– சீட், சக்கரம், பெடல், தண்ணீர் பாட்டில் கூடு. எல்லாம் ஆட்டிப் பார்க்க வேண்டும்.
– கரடுமுரடான சாலையில் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, மறுபடி பார்க்க வேண்டும். அதிர்வில் போல்ட் தானாகவே தளரும்.
– சத்தம் கேட்டால் உடனே இறங்க வேண்டும்.

கடைசியில், விழுந்தவருக்கு அடி பலமா என்றார். தலையாட்டினேன்.

9 ஜூலை, புதன்
மழை. LRT ரயில் பிடித்து செந்தூல், அண்ணன் வீடு. அண்ணன் இன்னும் வரவில்லை. நல்லதாகப் போயிற்று. செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"அண்ணி, நீங்க பாக்காம விழல. போல்ட்ட நான் சரியா முடுக்கல."

அண்ணி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டார்.

"டக் டக்குன்னு சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. தோட்டத்துக்குள்ள நுழைஞ்சதுலேருந்து."

அப்படியானால் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் சின்னதுலேருந்து ஒண்ணா ஓட்டுறவங்க. மொத நாளே நிப்பாட்டச் சொன்னா, அடுத்த தடவ கூப்பிட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

மூன்று வருஷம். ஒரே மேசையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஒரு கையால் தெ ஓ, பால் சேர்க்காத தேநீர், கலக்க எழுந்தார். நான் போய் கிளாஸைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் வந்ததும் அவனிடமும் சொன்னேன். கோபம். நியாயம்தான். இருந்தும் ஸ்டேஷன் வரை காரில் கொண்டுவிட்டான்.

7 செப்டம்பர், ஞாயிறு
வானம் வெளுப்பு. வெயில் ஏறவில்லை. அதே தோட்டம். கை எலும்பு சேர்ந்துவிட்டது, ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான். கூப்பிட்டது நான். யோசிக்காமல் வருகிறேன் என்றார்.

போல்ட் எல்லாம் நேற்று இரண்டு முறை, இன்று காலை ஒரு முறை.

அண்ணி முன்னால், அவர் வேகத்தில். நாங்கள் பின்னால். மண் சாலையில் ஒரு கி.மீ. கூட ஆகவில்லை, கையைத் தூக்கினார். "நிப்பாட்டுங்க."

நிறுத்தினோம். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹேண்டில், சீட், சக்கரம். எல்லாம் இறுக்கம். என்ன சத்தம் கேட்டது என்று அண்ணன் கேட்டான்.

"ஒண்ணும் கேக்கல. நிக்கிறீங்களான்னு பாத்தேன்."

அண்ணன் சைக்கிளை ஒரு செம்பனை மரத்தின் மேல் சாய்த்துவிட்டு, புல்லில் உட்கார்ந்தேவிட்டான்.