முகப்புத் தாளில் உங்கள் பெயர்

பாய்,

இன்று காலை நம் அலுவலக ஃபேக்ஸ் இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. சூடேறிய அந்தத் தாளின் வாசனை உங்களுக்கு ஆகாது. "தலமுடி கருகினாப்ல இருக்கு சார்" என்று ஜன்னலைத் திறந்துவிடுவீர்கள். இன்று நானே எழுந்து போய்த் திறந்தேன். ஜப்பான்காரர் இரண்டாம் தடவையாகக் கேட்டிருந்தார்: அனுப்பியவர் யார்? பெயர் தெரியாமல் கடுக்காய்ச் சரக்கை உறுதி செய்ய முடியாது.

நான் அனுப்பிய முகப்புத் தாளில், உங்கள் பெயர் இருந்த இடத்தில், ஒரு சுருள் அடைப்புக்குறியும் அதற்குள் 'அனுப்புநர்' என்ற சொல்லும் அப்படியே போயிருந்தன. பெயர் வரவில்லை. தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று உடனே தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தானே தோன்றும்.

நீங்கள் கண்மூடிய பிறகு வியாபாரத்தை உங்கள் பிள்ளைகள் பார்க்கிறார்கள். மகன் கள்ளக்குறிச்சிக் கடையில், மகள் சின்னசேலம் கிடங்கில். யார் அனுப்பினாலும் அவர் பெயர் தானாகத் தாளில் விழ வேண்டும் என்று கணினியில் உள்ள மாதிரித் தாளைத் திருத்தச் சொன்னார்கள். சின்ன வேலை. நாலைந்து நாளாக அதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய மூட்டைகள் கிடங்கில் கூரை வரை நிற்கின்றன. காற்றில் ஈரம் ஏறிவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சை வந்துவிடும்.

அந்த மாதிரித் தாளை நாம் இருவரும் சேர்ந்து செய்த நாள் நினைவிருக்கிறது. பெறுபவர் பெயர், தேதி, பக்கங்கள் எல்லாம் அடைப்புக்குள் இருக்கும், அனுப்பும்போது கணினியே நிரப்பிக்கொள்ளும் என்று விளக்கினேன். "பேரு எழுத எடம் வுட்ட கல்யாணப் பத்திரிக கவர் மாதிரின்னு சொல்லுங்க" என்றீர்கள். நான் சொன்னதைவிட அது தெளிவாக இருந்தது. அனுப்புபவர் பெயரையும் அப்படியே வைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"என் கடையில என்ன வுட்டா வேற எவன் சார் அனுப்பப் போறான்?"

அதனால் உங்கள் பெயரை அப்படியே அடித்தோம். தடித்த எழுத்தில், சிவப்பில். ஃபேக்ஸில் சிவப்பு தெரியாது என்றேன். "எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றீர்கள். முதல் எழுத்தை மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக்கச் சொன்னீர்கள். நான் தயங்கியதும், என் கையெழுத்தைக் காட்டிச் சிரித்தீர்கள். "இன்னா சார், எறும்பு ஊர்ந்துக்கினு போற மாதிரி போடுறீங்க. மொத எழுத்தயாவது பெருசா போடுங்க. ஆளு இருக்கிறது தெரியட்டும்."

இந்த நாலைந்து நாளில் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி, அனுப்பிப் பார்த்து, பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்றினேன். எழுத்துருவை மாற்றினேன். இடைவெளிகளை எடுத்தேன். தேதி ஒழுங்காக வருகிறது, பெறுநர் வருகிறார், பக்கங்கள் வருகின்றன. உங்கள் வரி மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. எரிச்சலில் மேசையைக்கூடத் தட்டிவிட்டேன். பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

இன்று காலை பத்து மணிக்கு மகள் போன் செய்தாள். "இன்னா மாமா, இங்க இருட்டிக்கினு வருது. என் பேரயே அடிச்சி அனுப்பிடுங்களேன்."

"அப்ப உங்க அண்ணன் அனுப்புறதும் உன் பேர்லதாம்மா போவும்."

"போனா நல்லதுதான். அவன் பேருக்கு எவன் பதில் போடுறான்?"

உங்கள் சிரிப்பு அப்படியே அவளிடம் இருக்கிறது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் அந்தக் கோப்பை அலங்காரம் இல்லாமல், உள்ளே இருக்கும் குறிகளோடு திறந்து பார்த்தேன். அடைப்புக்குறி ஒரு அளவில் இருந்தது, அதற்கடுத்த சொல் வேறு அளவில். இரண்டுக்கும் நடுவில், அளவை மாற்றச் சொல்லும் குறிகள். நம் கண்ணுக்கு அது ஒரே சொல். கணினிக்கு இரண்டு துண்டு. முழுதாகக் கிடைத்தால்தான் அதற்குப் புரியும்.

எப்படி ஆயிற்று என்றும் தெரிந்தது. உங்கள் பெயரை நான் ஒரேயடியாக அழிக்கவில்லை. நீங்கள் வைத்த அமைப்பு போய்விடக் கூடாது என்று வரிக்கு நடுவில் போய், ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, அந்த இடத்தில் புதியதை அடித்திருக்கிறேன். உங்கள் பெரிய எழுத்து இருந்த இடத்தில் அடைப்புக்குறி பெரிதாக உட்கார்ந்துவிட்டது. உங்கள் மேல் கோபம்கூட வந்தது, பாய். ஒரு எழுத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

வரி முழுவதையும் தேர்ந்தெடுத்தேன். பிறகு அழித்தேன். புதிதாக, ஒரே அளவில் அடித்தேன். சிவப்பை மட்டும் சொல் முழுவதற்கும் கொடுத்தேன். அது யாருக்கும் தெரியப்போவதில்லை. சின்னசேலத்திலிருந்து மகள் அனுப்பினாள். நகல் இங்கே வந்தது. அவள் பெயர், எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி அந்தக் கருகல் வாசனை. சரக்கு உறுதியாகிவிட்டது. பதில் அவள் பெயருக்கு வந்திருக்கிறது. மூட்டைகளை ஏற்ற லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. வெளியே இன்னும் தூறல்கூட இல்லை.

உறுதி வந்த தாளில், பெற்றுக்கொண்டதாக நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். முதல் எழுத்து மற்றவற்றைவிடப் பெரிதாக விழுந்திருந்தது. சரியில்லை என்று பட்டது. அடித்துவிட்டு மறுபடி எழுதப் பேனாவை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.