நேராக நின்ற கோடு

இன்று காலை எதிர்வீட்டு மாட்டுக்குச் சினை ஊசி போட வந்தவர் கேன் மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை தரையோடு வழிந்தது. "நம்ம நைட்ரஜன்டி" என்று சொல்ல உன்னைத் தேடினேன். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. வாய்க்கு இன்னும் அது தெரியவில்லை.

திருப்பதியில் நம் ஆய்வகத்தில் திரவ நைட்ரஜன் தீர்ந்தால் மாட்டாஸ்பத்திரியில் கெஞ்சித்தான் வாங்கி வருவோம். ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர், "இன்னாம்மா, மாட்டுக்கா?" என்றார். நீ முகத்தில் சிரிப்பே இல்லாமல் என்னைக் காட்டி, "இல்லண்ணா, இவளுக்கு" என்றாய். பஸ்ஸே சிரித்தது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை நான்.

அத்தனை பாடும் ஒரு கறுப்பு வில்லைக்காக. அதை நைட்ரஜனில் முக்கிக் குளிர்வித்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். நடுவில் நீ மயிரிழையாகச் சுரண்டி மெலிதாக்கிய இடம், பக்கத்தில் காந்தம் கொஞ்சம் அசைந்தாலும் திரையில் ஓடும் கோட்டைத் துள்ளவைத்துக் காட்டிக்கொடுக்கும். இதயத்துடிப்பின் காந்தத்தையே ஒருநாள் அதில் பார்க்கலாம் என்பாய்.

அந்த நேரத்தில்தான் உனக்குச் சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி வேலை வந்தது. நகரியில் உன் நைனா தறி ஓட்ட முடியாமல் படுத்திருந்தார், தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். "வெள்ளிக்கெழமைக்குள்ள கோடு ஆடாம நின்னா இங்கயே இருந்துடறேன். இல்லன்னா கெளம்பிடுவேன்" என்றாய்.

கோடு நிற்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அளவு குறிக்கக் குறிக்க அது துள்ளியது. வில்லை சரியில்லை என்று எழுதிவைத்துவிட்டுச் சென்னை போனாய். அங்கிருந்து அமெரிக்கா.

அடுத்த மாதம் வளையல் உடைந்து கையில் கீறியது. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்த்தேன். கோடு அசையாமல் நின்றது. வளையலில் கோத்திருந்த ஊக்குகளை எடுத்து அருகில் ஆட்டினேன். துள்ளியது. உன் வில்லையில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் என் கையில் தொங்கிய நாலு இரும்பு ஊக்கு.

அதை உனக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எத்தனையோ வருடம் விழுங்கிக்கொண்டிருந்தேன். உனக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்த பிறகுதான் போன் செய்து, அழுதுகொண்டே சொன்னேன்.

"தெரியும்டி" என்றாய். "வியாழக்கெழமை நீ டீ குடிக்கப் போயிருந்தப்ப கோடு நேரா நின்னுக்கினு இருந்துச்சு. நீ வந்து ஒக்காந்ததும் ஆடிச்சு."

"அப்போ ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ உட்டிருப்பியா?"

போனை வைத்ததும் உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கேட்டிருந்தால் நானே பஸ் ஏற்றி அனுப்பியிருப்பேனே என்று பல நாள் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன்.

பொய்தான். விட்டிருக்க மாட்டேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.