மூச்சு விடாத பாடகி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். என்னடா இது, அம்மா பேனா பிடித்திருக்கிறாளே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் பக்கத்தில் அப்பா இருப்பார், இது அவர் காதில் விழக் கூடாத விஷயம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்புகிற குரல் செய்தியைக் கேட்பதை அப்பா நிறுத்திவிட்டார். அது நீ இல்லையாம், மெஷினாம். சிரிக்காதே, நானும் முதலில் சிரித்தவள்தான்.

எல்லாம் ஒரு பாடகியால் வந்த வினை. அப்பாவின் சோல் பாட்டுக் கோஷ்டி உனக்கு ஞாபகம் இருக்கும், ஞாயிறு மதியம் ஆனால் நம் முன்னறையில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுமே, அதே கூட்டம். கல்யாணமான புதிதில் அவர் சோல் பாட்டு என்றதும், செருப்புக்கு அடியில் ஒட்டுகிற சோல் என்று நினைத்து, செருப்புத் தைக்கிறவர்கள் பாடுவதா என்று கேட்டுவிட்டேன், சோல் என்றால் ஆன்மா, அமெரிக்கக் கறுப்பர்கள் நெஞ்சுருகப் பாடுகிற பாட்டு என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது கோஷ்டியில் மிஞ்சியிருப்பது மூன்றே பேர், அப்பா, பல் டாக்டர், எதிர் வீட்டு கெமிஸ்ட்ரி டீச்சர். மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் யாரோ புதுப் பாடகி என்று ஒருத்தியின் பாட்டைக் கொண்டுவந்து போட்டார், மூன்று பேரும் தொபுக்கடீர் என்று விழுந்துவிட்டார்கள். டீச்சர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். அப்பா ஒருபடி மேலே போய், "பாட்ட விடுங்க, அவ மூச்சு எடுக்கறதக் கேளுங்க, நெஞ்சுல அடிபட்டவதான் இப்படி மூச்சு எடுப்பா" என்றார். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாக ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு என்று சொல்கிற உத்தியோகம், அவர் காது தப்பாகக் கேட்குமா. நான் அடுப்படியிலிருந்து, "எனக்கு மூச்சு வாங்கறது மட்டும் உங்க காதுல விழாது" என்றேன், அதுவும் விழவில்லை.

அத்தோடு விட்டாரா மனுஷன். அந்தப் பாடகிக்கு ஒரு கடிதம் எழுதினார், நிச்சயமான பிறகு எனக்குக்கூட அவ்வளவு நீளமாக எழுதியதில்லை. இரண்டாவது பாட்டில் மூன்றாம் அடிக்கு முன்னால் நீ இழுக்கிற மூச்சில் லேசாக விசில் கேட்கிறது, ஆஸ்துமாவின் ஆரம்பமாக இருக்கலாம், அலட்சியம் வேண்டாம், தூசியில் நிற்காதே, நல்ல டாக்டராகப் பார்த்து நெஞ்சைக் காட்டு, இப்படிக்கு உன் தகப்பன் வயதுள்ள ரசிகன். பத்து நாளில் பதில் வந்தது. கவரைப் பிரிக்காமல் ஞாயிறுவரை வைத்திருந்து, எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு டீச்சர் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார், பெருமை தாங்கவில்லை அவருக்கு. டீச்சரும் பாடம் நடத்துகிற குரலில் படித்தார். தங்கள் அக்கறைக்கு நன்றி, எங்கள் பாடகி செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவர், அவருக்கு நுரையீரல் கிடையாது, மூச்சுச் சத்தம் இயல்பாக இருக்கட்டும் என்று பிறகு சேர்க்கப்பட்டது, தங்கள் கருத்தை அந்தப் பிரிவுக்கு அனுப்பிவைத்துள்ளோம். நான் டீத் தட்டோடு உள்ளே ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், பாவம்தான், ஆனால் அடக்க முடியவில்லை.

அதற்கப்புறம்தான் கூத்து. டாக்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "என்கிட்ட பல்லு கட்டிட்டுப் போறவங்க எல்லாம் நல்லாத்தான் மெல்றாங்க, இது சொந்தப் பல்லான்னு ரொட்டி கேக்குதா?" என்றார். டீச்சருக்கு வந்ததே கோபம். அவர் வீட்டுக்காரர் போனபோதுகூடப் பொட்டுக் கண்ணீர் வராமல் கல்லாக இருந்தவர், இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் முதல்முறையாக அழுதாராம். "அவளுக்கும் யாரோ போயிருக்காங்கன்னு நெனச்சு அழுதேன், அவளே இல்லன்னா நான் யாரோட சேர்ந்து அழுதேன்?" என்று கேட்டார். அதற்கு டாக்டர் ஆறுதலாகத்தான், "அழுதது நீங்கதானே, அது ஒரிஜினல்தானே" என்றார், டீச்சர் அவசரத்தில் டாக்டருடைய செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான், இன்னும் வரவில்லை. ஆனால் சாயங்காலமானால் எதிர் ஜன்னலிலிருந்து அதே பாட்டு மெதுவாகக் கேட்கிறது, யாராவது என்னைக் கேட்டால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன்.

அப்பாதான் தேறவில்லை. பாட்டுப் பெட்டிமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, தானே கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்து விரலைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார். காது கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறதாம், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "காது கெட்டிருந்தா அதுமேல பழியப் போட்டிருப்பேன், இப்ப எதுமேல போடறது" என்றார். அதிலிருந்து யார் பேசினாலும் சந்தேகம். கேஸ் கம்பெனியிலிருந்து பேசிய பெண்ணை ஒருதடவை இருமிக் காட்டச் சொன்னார், அவள் போனை வைத்துவிட்டாள். அந்த வாரம்தான் உன் செய்தி வந்தது. "நல்லா இருக்கேன்பா, சாப்பிட்டேன்பா, வேலை கொஞ்சம் ஜாஸ்திப்பா, அம்மாவக் கேட்டதா சொல்லுங்க." மூன்று தடவை போட்டுக் கேட்டார், போனைக் கவிழ்த்துவைத்தார். "இது அவ இல்ல. அவ பேசினா எல்லாத்தையும் ஒண்ணா சொல்ல வந்து நடுவுல எங்கயாவது மூச்சு வாங்குவா, இதுல ஒரு எடத்துலகூட வாங்கல" என்றார். அதற்குப் பிறகு வந்த இரண்டையும் தொடவே இல்லை.

அவரை மடக்கிவிட வேண்டும் என்று, நேற்று மதியம் நம் சலவைக் கடையில் ஆள் ஓய்ந்த நேரத்தில், இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, அவர் வீட்டில் விட்டுப்போன போனில் மூன்று வாரச் செய்தியையும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். முதல் வாரம் உன் பேச்சுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் டிரில் போட ஆரம்பிக்கிறார். இரண்டாவது வாரம் போட்டுக்கொண்டே இருக்கிறார். மூன்றாவது வாரம், அப்பாடா, முடித்துவிட்டார். ஒரு ஓட்டைக்கு மூன்று வாரமா, அடி கள்ளி. உன் மூக்கடைப்பும் மூன்றிலும் ஒரே அளவு. ஒருநாள் உட்கார்ந்து ஒரே மூச்சில் மூன்றையும் பேசிவைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறாய். எனக்குக் கோபம் வரவில்லை. வாரம் முழுக்கப் போடுகிற சட்டையை ஒரே நாளில் தேய்த்து அடுக்கிவிடுகிறவள்தானே நான், அந்தப் பழக்கம் உனக்கும் வந்திருக்கிறது. ஆனால் நான் அடுக்குவது சட்டையை.

அப்பாவிடம் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. மெஷின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவரை அவருக்கு உன்மேல் வருத்தம் கிடையாது, எவனோ கம்பெனிக்காரன் என் பெண்ணின் குரலைத் திருடிவிட்டான் என்று அவனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார், எனக்கும் கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. அது நீயேதான் என்று தெரிந்தால் அவர் என்ன ஆவார் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், அவர் காது சொன்னது பாதி சரி. நீ நல்லா இருக்கேன் என்று சொல்கிற இடத்தை நான் தனியாகப் போட்டுக் கேட்டேன், நல்லா இருக்கிறவள் பேசுகிற மாதிரி இல்லை. என்ன ஏது என்று நான் நோண்டவில்லை, சொல்லத் தோன்றும்போது சொல், தோன்றாவிட்டாலும் நீ எங்கள் பெண்தான்.

ஜலதோஷத்துக்கு ஆவி பிடி, ஈரத் தலையோடு வெளியே கிளம்பாதே, நின்றுகொண்டே சாப்பிடாதே. நீ நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனசோடு இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். வருகிற ஞாயிறு நாலு மணிக்கு அப்பா முன்னறையில் சும்மா உட்கார்ந்திருப்பார், நீயே கூப்பிடு. என்ன பேசுவது என்று முன்னாடியே யோசித்துவைத்துக்கொள்ளாதே. பேச ஒன்றும் வரவில்லையென்றால் பேசாமலே இரு, லைனை மட்டும் வெட்டிவிடாதே. அந்தப் பக்கம் இருப்பது நீதான் என்று அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் வருகையையும் உன் குரலையும் எதிர்பார்க்கும்
அம்மா