பென்சில் டப்பாவில் இருந்த மாத்திரை

என்னங்க,

ஷெரினுக்குக் காலையில மறுபடியும் வலிப்பு வந்துடுச்சு. நீங்க ஊழியத்துக்குப் பாகான் நக்கோடா ஓமார் ஊருக்குப் போயிருக்கீங்க, போன் லைனே கிடைக்கல. பக்கத்து வீட்டு அகதா அக்கா கார்ல அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வந்ததும் அவ பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வாங்க. உங்க டிராயர்லதான் இருக்கு, சாவி உங்ககிட்ட. இங்க நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்களை அது இல்லாமப் பதிய மாட்டாங்க.

குக்கர்ல சோறு இருக்கு. குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க.

எஸ்டேட்டிலிருந்து ராஜு அண்ணன் சம்சாரத்தை ஜெபத்துக்குக் கூட்டிட்டு வருவார். அந்தம்மா சக்கரை மாத்திரை போடுறாங்களான்னு முதல்ல கேளுங்க. அப்புறம் ஜெபம் பண்ணுங்க.

போன மாசம் ஊர்ச் சபைகளுக்கு அனுப்பின ஜெபக் கடிதத்துல "எங்கள் மகளுக்குப் பூரண சுகம்"னு எழுதினீங்க. டாக்டர் சொல்லட்டும்னேன். உனக்கு விசுவாசம் பத்தலன்னீங்க. பணம் அனுப்பி நம்மைத் தாங்குற அந்தச் சபையெல்லாம் ஸ்தோத்திர ஆராதனை நடத்திட்டாங்க. அந்தக் கடிதத்தை ஷெரினும் படிச்சிருக்கா. அன்னையிலிருந்து ஒரு மாத்திரை முழுங்கல. பென்சில் டப்பா நிறைய ஒளிச்சு வெச்சிருக்கா.

இந்த மாசக் கடிதத்தை நீங்க எழுத வேணாம். நான் எழுதுறேன்.

மெர்சி

கார் வந்துடுச்சு, ஓரத்துல எழுதுறேன். ஸ்கூல் பாத்ரூம்லயும் ரெண்டு தடவை விழுந்திருக்கா. ஏன்டி என்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா அப்பா எழுதினது பொய்யாயிடுமேம்மா"ன்னா.