வேப்பிலைக்கு வெளியே நின்றவளுக்கு

என் செல்ல அக்காவுக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. நீ நர்சாக இருந்த ஊரில் இன்னும் அதையேதான் சொல்கிறார்கள்: "அம்மனைக் கோவப்படுத்துனா, அதான் நர்சம்மாவைக் கொண்டுபோயிட்டா." கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்தது என்ன? பீடி சுற்றும் இசக்கியம்மாளுக்கு நீ தடுப்பூசி போட்டாய். நாலாம் நாள் அவள் கையும் முதுகும் சிவந்து தடித்தன. அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். அப்புறம் வெளியாள் உள்ளே நுழையக் கூடாதே! மூன்று நாள் அந்த வாசலில் நின்று, "இது அம்மை இல்ல, மாத்திரையாவது வாங்கிக்கோங்க" என்று கத்தினாய். மறுநாள் மாரடைப்பு. இப்படியா போவாய், அக்கா?

தடிப்பு அடங்காததால் கடைசியில் இசக்கியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்கள். தோலில் மிளகளவு வெட்டி எடுத்துப் பாளையங்கோட்டையில், திசுப் பரிசோதனை செய்யும் என் மேசைக்கு அனுப்பினார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அம்மை என்றால் மேல்தோலில் கொப்புளம் தெரியும். இங்கே மேல்தோல் அப்படியே இருந்தது. கீழே ரத்தக்குழாய்களைச் சுற்றித்தான் அணுக்கள் கூடியிருந்தன. நடுநடுவே மிளகாய்ப்பொடி தூவியதுபோல் ஈசினோபில் அணுக்கள். ஒவ்வாமை, வேறொன்றும் இல்லை.

ஆனால் பூச்சிக்கடியும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். எங்கள் பெரிய டாக்டர், "பூச்சிக்கடின்னு எழுதிருங்கம்மா. ஊசிக்கும் கெட்ட பேரு இல்ல, ஒங்க அக்காவுக்கும் இல்ல" என்றார். உன் பேர் தப்பிக்கும் என்றதும் ஒரு நிமிடம் என் கை பேனாவைத் தேடியது. உன்னிடம் பொய் சொல்வானேன்?

வீட்டுக்கு வந்து உன் பையிலிருந்த நோட்டை எடுத்தேன். "நாலாம் நாள். முதலில் ஊசி போட்ட இடத்தில் தடிப்பு, பிறகு முதுகு. சன்னல் வழியே பார்த்தது." பழி வரும் என்று தெரிந்தும் எழுதிவைத்திருக்கிறாயே, கிறுக்கி! நீ மறைக்காததை நான் மறைப்பேனா? 'தடுப்பூசிக்குப் பின் வந்த தோல் ஒவ்வாமை' என்றே எழுதினேன். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பட்டும்.

முந்தாநாள் புதன்கிழமை அந்த ரிப்போர்ட்டோடு பஸ் ஏறி, ஆற்றைத் தாண்டி இசக்கியின் ஊருக்குப் போனேன். தடுப்பூசி நாள், ஒரு தாயும் வரவில்லை. "எல்லாரும் கேக்க வாசிங்கக்கா" என்றாள் இசக்கி. அவள் வாசலில் நின்று சத்தமாகவே வாசித்தேன்.

"அப்ப ஒங்க அக்கா போட்ட ஊசிதானே காரணம்?" என்று அவள் மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா" என்றேன்.

"சும்மா இருங்கத்தே," என்றாள் இசக்கி. "ஊசி போடும்போதே அக்கா சொன்னாவ, தடிச்சா பயப்படாத, என்கிட்ட வான்னு. நாமதான் கதவைச் சாத்துனோம்." சொல்லிவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஊசி போடும் இடத்துக்கு நடந்தாள்.

அம்மன் உன்னைக் கொண்டுபோகவில்லை, அக்கா. உன் நெஞ்சு நின்றது, அவ்வளவுதான். யார் கேட்டாலும் கண்டதை மாற்றி எழுத மாட்டேன். உன் நோட்டில் இசக்கி மகளின் பேரை எழுதியிருக்கிறேன். ஊசி போட்ட நாலாம் நாள் நானே போய்ப் பார்ப்பேன். வாசலில் வேப்பிலை தொங்கினாலும் உள்ளே போவேன்.

நீ "ஏட்டி" என்று அதட்டியும் அடங்காத,
உன் தங்கச்சி